போர்ச் சாக்கெட்டில் சார்ஜ் 40 நிமிஷத்தில் நின்றுவிடுகிறது: காரா, வயரிங்கா, எர்த்தா? (சுங்கை சிப்புட்)

லிந்தாங்_ரோடு:
வணக்கம். என் மின்கார் புரோட்டோன் இ.மாஸ் 7 பிரீமியம், 60.22 கிலோவாட் மணி பேட்டரி. வீடு மலேசியா, பேராக் சுங்கை சிப்புட்டில் பழைய தாமான் (குடியிருப்பு), ஒற்றை மாடி, சிங்கிள் பேஸ். போர்ச்சில் உள்ள இரட்டை 13 ஆம்பியர் சாக்கெட்டில் 10 ஆம்பியர் கையடக்கச் சார்ஜரைச் செருகுகிறேன். பச்சை விளக்கு வந்து நன்றாக ஏறுகிறது. 35–40 நிமிஷத்தில் சிவப்பு விளக்கு, நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் மறுபடி ஏறும், மறுபடி நிற்கும். ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் விழும் சுவிட்ச்) ஒரு தடவைகூட விழவில்லை. ஈப்போவில் பொதுச் சார்ஜரில் ஏசி (மெதுவானது), டிசி (வேகமானது) இரண்டும் ஒழுங்காக ஏறுகின்றன. புது எர்த் ராடு (மண்ணில் இறக்கும் எர்த் கம்பி) அடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். செலவு செய்வதற்கு முன் எதைப் பார்க்கலாம்?

மின்கம்பம்:
எர்த் ராடுக்கு இப்போது காசு கொடுக்காதீர்கள். எர்த் இல்லையென்றால் செருகின உடனேயே சிவப்பு விளக்கு வரும், 40 நிமிஷம் பொறுக்காது. கசிவு என்றால் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி விழுந்திருக்கும். பொது ஏசி சார்ஜரில் ஏறுவதால் காருக்குள் இருக்கும் சார்ஜரும் நல்லாவே இருக்கிறது. மிச்சம் இரண்டுதான்: சூடு, இல்லை வோல்ட் இறக்கம். பல கையடக்கச் சார்ஜர்களில் பிளக்குக்குள்ளேயே சூடு பார்க்கும் சென்சார் உண்டு. ஆறினதும் மறுபடி ஏறுவது அதைத்தான் காட்டுகிறது.

டிபி பெட்டியை (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டியை) திறக்காமலே சோதிக்கலாம். வோல்ட் காட்டும் செருகு மீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்றைப் போர்ச் சாக்கெட்டின் பக்கத்துத் துளையில் போடுங்கள், இன்னொன்றைச் சமையலறையில். சமையலறை வேறு சர்க்கியூட் என்பதால் அங்கே சுமை இல்லாதபோது கிட்டத்தட்ட டிபி வோல்ட்டையே காட்டும். ஏர்கோன், ஹீட்டர் எல்லாம் அடைத்துவிட்டு, சார்ஜ் இல்லாமல் ஒரு தடவை, சார்ஜ் போட்டு 10 நிமிஷம் கழித்து ஒரு தடவை நான்கு எண்களையும் எழுதுங்கள். டிபியிலிருந்து போர்ச்சுக்கு வயர் எத்தனை மீட்டர் என்றும் சொல்லுங்கள்.

பால்மரம்:
கார்த் திரையில் சார்ஜ் ஓட்டத்தை 8 ஆம்பியருக்கு இறக்குங்கள் அண்ணே. இரவு முழுக்க நிற்காமல் ஓடும்.

மின்கம்பம்:
தம்பி, அது எச்சரிக்கையை அடைத்துவைக்கும் வேலை. சூடு ஓட்டத்தின் வர்க்கத்தில் போகும். 10லிருந்து 8க்கு இறக்கினாலும் 64 சதவீதச் சூடு அங்கேயேதான் இருக்கும். சார்ஜர் நிற்காது, சாக்கெட் மட்டும் இரவெல்லாம் வேகும். அளவு பார்க்கும் அந்த 10 நிமிஷத்தைத் தவிர அந்தச் சாக்கெட்டைத் தொடாதீர்கள்.

லிந்தாங்_ரோடு:
அளந்துவிட்டேன். சுமை இல்லாமல் இரண்டு இடத்திலும் 227. சார்ஜ் போட்டதும் சமையலறை 224, போர்ச் 208. வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், சுமார் 18 மீட்டர். பிளக்கை உருவினால் லைவ் பின் பக்கம் பிளாஸ்டிக் பழுப்பாகி, மீன் வாடை மாதிரி ஒரு வாடை வருகிறது.

மின்கம்பம்:
அந்த வாடை பிளாஸ்டிக் வேகும் வாடை. இனி அதில் எதையும் செருகாதீர்கள். டிபி பெட்டியில் அந்தச் சாக்கெட்டுக்கான எம்சிபியை (சர்க்கியூட் சுவிட்சை) அடைத்து வையுங்கள்.

கணக்கு இதோ. 2.5 வயருக்கு ஒரு ஆம்பியருக்கு, ஒரு மீட்டருக்கு 18 மில்லிவோல்ட் இறங்கும். 18 மீட்டர், 10 ஆம்பியர் என்றால் 3.2 வோல்ட். உங்களிடம் இறங்குவது 16. மிச்சம் கிட்டத்தட்ட 13 வோல்ட் எங்கேயோ ஒரு தளர்ந்த இணைப்பில் போகிறது. 10 ஆம்பியரில் அது சுமார் 130 வாட். இரண்டு மூன்று சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் வைத்து எரிப்பது மாதிரி. நல்லவேளை, சமையலறையில் 3 வோல்ட் மட்டுமே இறங்குகிறது, மீட்டர் பக்கம் சரி. இங்கே விநியோகம் 230 வோல்ட், கூட 10, குறைய 6 சதவீதம். அதாவது 216க்குக் கீழே போகக் கூடாது. சமையலறையிலும் அதற்குக் கீழே இறங்கியிருந்தால் மின் கம்பெனி டிஎன்பியின் 15454க்கு அழைக்கச் சொல்லியிருப்பேன்.

சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிந்த குத்தகையாளரின் வயர்மேனைக் கூப்பிட்டு மூன்று இடத்தைத் திறக்கச் சொல்லுங்கள்: சாக்கெட்டின் பின்பக்க ஸ்குரூ, எம்சிபி முனை, சீலிங்குக்கு மேலே யாராவது கனெக்டர் போட்டு ஒட்டுப்போட்டிருந்தால் அது. கருகின வயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டணும். சாக்கெட்டை மாற்றாமல் ஸ்குரூவை மட்டும் முறுக்கிவிட்டுப் போக விடாதீர்கள். சூடேறின உள்தகடு பிடிப்பை இழந்திருக்கும். எக்ஸ்டென்ஷன் வயர் எந்த நிலையிலும் வேண்டாம்.

கங்சார்_டிபி:
13 ஆம்பியர் பிளக் மணிக்கணக்கில் முழுச் சுமை தாங்கச் செய்யப்பட்டதல்ல. ரைஸ் குக்கர் அரை மணியில் அணைந்துவிடும். கார் 20லிருந்து 80 சதவீதம் போக இந்த வேகத்தில் 18 மணி நேரம் ஆகும். ஆகவே தினமும் ஓட்டுபவருக்குச் சுவர் சார்ஜர்தான் நியாயம். டிபியிலிருந்து தனி வயர், 40 ஆம்பியர் எம்சிபி, வயர் 6 சதுர மில்லிமீட்டர், தூரம் 20 மீட்டரைத் தாண்டினால் 10. சார்ஜருக்குள் 6 மில்லியாம்பியர் டிசி கசிவுக் காவல் இருந்தால் டைப் ஏ ஆர்சிசிபி போதும், இல்லையென்றால் டைப் பி. எர்த்தை டெஸ்டரில் அளக்கச் சொல்லுங்கள், 10 ஓமுக்குக் கீழே வரணும். முடிந்ததும் பாரம் ஜி (வேலை முடிந்த சான்று), பாரம் எச் (சோதனைச் சான்று) இரண்டையும் கையில் வாங்குங்கள்.

பழைய சிங்கிள் பேஸ் வீட்டில் 32 ஆம்பியருக்கு ஆசைப்படவேண்டாம் என்பேன். இரண்டு ஏர்கோனும் ஹீட்டரும் சேர்ந்தால் மெயின் விழும். 16 ஆம்பியரில் பூட்டினால் 3.7 கிலோவாட், இரவு 10லிருந்து காலை 7 வரை 33 யூனிட், பாதி பேட்டரிக்கு மேல். ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வர அது தாராளம். சார்ஜர் வாங்கிப் பூட்டும் செலவுக்கு 2027 மதிப்பீட்டு ஆண்டுவரை 2,500 ரிங்கிட்வரை வருமான வரி விலக்கு இருக்கிறது, ரசீதை வையுங்கள்.

பால்மரம்:
நேரவாரிக் கட்டணத்துக்கு மாறினால் லாபமா?

கங்சார்_டிபி:
ஜூலை 2025 கட்டணத்தில், 1,500 யூனிட்டுக்குள் உள்ள வீட்டுக்கு யூனிட்டுக்கு எரிசக்தி விலை பீக்கில் (உச்ச நேரத்தில்) 28.52 சென், மற்ற நேரம் 24.43. சாதாரணக் கட்டணம் 27.03. பீக் திங்கள் முதல் வெள்ளி, மதியம் 2 முதல் இரவு 10. அதற்கு ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். 33 யூனிட் ஏற்றினால் சாதாரணக் கட்டணத்தைவிட 86 சென் மிச்சம், அவ்வளவுதான். சாயங்காலச் சமையலும் ஏர்கோனும் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். மாதம் 1,000 யூனிட்டைத் தாண்டினால் சிக்கன ஊக்கக் கழிவும் (குறைவாக மின்சாரம் எடுக்கும் வீட்டுக்குத் தரும் தள்ளுபடி) போய்விடும், அதைக் கவனியுங்கள்.

தாப்பா_டிசி:
வயரிங் முடியும்வரை பொதுச் சார்ஜரை நம்பியிருப்பீர்கள், ஆகவே இதையும் சொல்கிறேன். டிசியில் 80 சதவீதத்துக்கு மேல் வேகம் இறங்கிவிடும். நிமிஷக் கணக்கில் காசு வாங்கும் இடத்தில் அதற்குமேல் நிற்பது வீண், பின்னால் நிற்பவருக்கும் கஷ்டம். டிசம்பர் 2024ல் இ.மாஸ் 7 வந்த பிறகு தோட்டப்புற ஊர்களிலும் மின்கார்கள் கூடிவிட்டன. தீபாவளி, ஹரிராயாவுக்கு பிளஸ் நெடுஞ்சாலை ஆர் அண்ட் ஆரில் (ஓய்விடத்தில்) வரிசை நீளும். ஒரே இயந்திரத்தில் இரண்டு துப்பாக்கி (காரில் செருகும் கேபிள் முனை) இருந்தால் பெரும்பாலும் சக்தி பிரிந்துதான் வரும், ஆள் இல்லாத இயந்திரம் இருந்தால் அதற்குப் போங்கள். சார்ஜ் தொடங்கவில்லையென்றால் கேபிளின் கனம் கனெக்டரைக் கீழே இழுக்கிறதா பாருங்கள். கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, 'டக்' என்று பூட்டும் சத்தம் கேட்டபிறகு செயலியில் தொடங்குங்கள். வீட்டில் சரியானதும் உங்கள் காரின் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியை வாரத்தில் ஒரு தடவை ஏசியில் 100 வரை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் திரையில் காட்டும் சதவீதம் பிசகும்.

லிந்தாங்_ரோடு:
திறந்து பார்த்தாயிற்று. சீலிங்கில் ஒரு பிளாஸ்டிக் கனெக்டர் பாதி உருகியிருந்தது, சாக்கெட்டின் லைவ் ஸ்குரூவும் ஆடியது. ஒட்டே இல்லாமல் புது வயர், புது சாக்கெட். இப்போது சார்ஜ் போட்டால் சமையலறை 224, போர்ச் 221. எர்த் அளவு 6 ஓம். சுவர் சார்ஜருக்கு விலை கேட்டிருக்கிறேன், 16 ஆம்பியரில்தான்.

மின்கம்பம்:
3 வோல்ட் இறக்கம், கணக்கோடு ஒத்துப்போகிறது. சுவர் சார்ஜர் வரும்வரை பயன்படுத்தலாம். ஒரு மாதம் கழித்து அதே இரண்டு மீட்டரைப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 5 வோல்ட்டைத் தாண்டினால் ஸ்குரூ மறுபடி தளர்கிறது என்று அர்த்தம்.