ராக்கி மலைப் பூங்காவில் குதிரைச் சவாரி: முதல் முறை ஏறுபவர்களுக்கு 2 மணி நேரமா, 4 மணி நேரமா?

மலைக்காற்று:

ஜூலை கடைசியில் கொலராடோ போகிறோம். நான், மனைவி, 10 வயது மகள், கூட என் அம்மா (65 தாண்டியவர்). ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் குதிரையில் ஏறி மலைப்பாதையில் போயே ஆக வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். எங்கள் யாருக்கும் குதிரை பழக்கமில்லை. 2 மணி நேரச் சவாரி, 4 மணி நேரச் சவாரி இரண்டும் இருக்கிறது. இவ்வளவு தூரம் போய்விட்டு 2 மணி நேரத்தில் இறங்குவதா என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், பள்ளத்தை ஒட்டி ஓரத்திலேயே குதிரை நடக்கும் என்று யாரோ சொல்லி மனைவியைப் பயமுறுத்திவிட்டார்கள். அது உண்மையா? அம்மாவை ஏற்றலாமா? போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

குளம்படி:

2 மணி நேரம். யோசிக்கவே வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் ராஜா மாதிரி இருக்கும், அதற்கப்புறம் தொடையின் உள்பக்கமும் முழங்காலும் தங்கள் இருப்பைத் தெரிவிக்க ஆரம்பிக்கும். பழக்கமில்லாதவர்களுக்கு 4 மணி நேரம் என்றால் பின்பாதியில் காட்சி எதுவும் கண்ணில் படாது, எப்போது இறங்குவோம் என்பதுதான் ஓடும்.

காலையில் முதல் சவாரியை எடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அங்கே மதியத்துக்கு மேல் இடிமழை அடிக்கடி வரும், காலையில் வானம் துடைத்து வைத்தது போல இருந்தாலும் நம்பக்கூடாது. லாயத்திலிருந்து போகும் சவாரிகள் பெரும்பாலும் பைன் காட்டுக்குள்தான், ஆனாலும் மின்னல் நேரத்தில் குதிரைமேல் உட்கார்ந்திருப்பது நல்லதில்லை. அப்புறம் உயரம். பூங்காவை ஒட்டிய எஸ்டெஸ் பார்க் ஊரே 7,500 அடி, பாதைகள் அதற்கும் மேலே. விமானத்தில் இறங்கிய மறுநாளே ஏறாமல் ஒன்றிரண்டு நாள் ஊரில் சுற்றிவிட்டுப் போங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். தலைவலியோடு குதிரையில் குலுங்குவது கொடுமை.

ஓரத்தில் நடப்பது உண்மைதான். பக்கவாட்டில் மூட்டை கட்டிப் பழகிய விலங்குகள் உள்பக்கப் பாறையில் சுமை உரசாமல் இருக்க வெளிப்பக்கம் ஒதுங்கும், அதன் பின்னால் போகிற குதிரையும் அதே தடத்தில்தான் போகும். மேலே இருக்கும் நமக்கு நேரே பள்ளம் தெரியும், ஆனால் குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் தன் வலமும் இடமும் நம்மைவிட நன்றாகவே தெரியும். பயத்தில் நாம் செய்கிற இரண்டு வேலைதான் அதற்குத் தொல்லை. ஒன்று, லகானை இழுத்துப் பிடிப்பது. கரடுமுரடான இடத்தில் குதிரை தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்த்துதான் கால் வைக்கும், அந்தக் கழுத்தசைவில்தான் சமநிலையும் இருக்கிறது. இரண்டு, மலைப்பக்கமாகச் சாய்ந்துகொள்வது. அப்படிச் சாய்ந்தால் சேணம் ஒரு பக்கம் நகரும், அதை ஈடுகட்டக் குதிரை எதிர்ப்பக்கம் போகும், அதாவது பள்ளத்துப் பக்கம். நடுவில் நேராக உட்காரச் சொல்லுங்கள். ஏற்றத்தில் கொஞ்சம் முன்னால், இறக்கத்தில் கொஞ்சம் பின்னால், குதிகால் கீழே. அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையம்) பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்கட்டும், முழுக்காலையும் நுழைத்தால் விழும்போது மாட்டிக்கொள்ளும்.

வழிகாட்டி கொஞ்ச தூரத்தில் நிறுத்தி வயிற்றுவாரை (சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு கட்டும் பட்டை) மறுபடி இறுக்குவார். சில குதிரைகள் லாயத்தில் வார் கட்டும்போது உடம்பை விறைத்துக்கொள்ளும், நடந்ததும் வார் தளர்ந்துவிடும். அவர் மறந்தால் நீங்களே கேளுங்கள்.

நெட்டிலிங்கம்:

அம்மாவைப் பற்றி: வயது பிரச்சினையே இல்லை, இடுப்பும் முழங்காலும் எப்படி என்பதுதான் கேள்வி. ஏறுவதற்குப் படிக்கட்டை வைப்பார்கள், இறங்கும்போதுதான் கால் மரத்துப்போய்த் தடுமாறும். வழிகாட்டி பக்கத்தில் வந்து பிடித்துக்கொள்ளும்வரை இறங்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். முழங்கால் வலித்தால் பாதி நேரம் காரணம் அங்கவடி ரொம்பக் குட்டையாக இருப்பதுதான், ஒரு துளை நீட்டச் சொன்னால் உடனே வித்தியாசம் தெரியும். வாயைத் திறந்து கேட்கிறவர்கள்தான் குறைவு.

எடையைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள் எல்லாரும். தன் எடையில் சுமார் 20 சதவீதம் வரை குதிரை சுமக்கலாம் என்பது பொதுவான கணக்கு. 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ, அதில் சேணத்தின் எடையும் சேர்த்தி. வெட்கப்பட்டு 10 கிலோ குறைத்துச் சொன்னால் அதைச் சுமப்பது குதிரைதான்.

கால்நடை:

என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. இந்தக் கும்பல் சவாரியில் முன்குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டேதான் பாதி நேரம் போகும், அதற்கு நடந்தே போகலாம். அம்மாவுக்குத் தயக்கம் இருந்தால் ஸ்ப்ரேக் ஏரியைச் சுற்றி ஒரு மைலுக்கும் குறைவான சமதளப் பாதை இருக்கிறது, சக்கர நாற்காலியே போகும். மற்றவர்கள் சவாரி போய் வரும்வரை அவர் ஏரியைச் சுற்றலாம், ஆனால் தனியாக விடாதீர்கள், யாராவது ஒருவர் கூட இருங்கள்.

நடப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குதிரை வந்தால் ஒதுங்க வேண்டியது நாம்தான். பொதுவாகப் பள்ளப்பக்கம் இறங்கி நிற்கச் சொல்வார்கள், ஏனென்றால் மிரண்ட குதிரை மேட்டை நோக்கி ஓடினால் ஆபத்து குறைவு. நின்றுகொண்டு சாதாரணமாக இரண்டு வார்த்தை பேசுங்கள். முதுகில் பெரிய பையோடு பேசாமல் நிற்கும் உருவம் மனிதன்தான் என்று குதிரைக்குச் சட்டென்று புரியாது.

மலைக்காற்று:

எல்லாருக்கும் நன்றி. 2 மணி நேரம், காலை, முடிவு. அம்மா "நான் ஏரியையே பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டார், மனைவிக்கு அவருடன் இருக்கச் சாக்கு கிடைத்துவிட்டது. மகளும் நானும் மட்டும். மழைச்சட்டை, கைபேசி, ஹெல்மெட் பற்றி ஏதாவது?

குளம்படி:

மழைச்சட்டையை ஏறும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சேணத்தின் பின்னால் கட்டிவிடச் சொல்லுங்கள். குதிரைமேல் உட்கார்ந்து படபடவென்று விரித்தால் உங்கள் குதிரை சும்மா இருந்தாலும் பின்னால் இருப்பது மிரளும். கைபேசி ஜிப் வைத்த பையில். ஹெல்மெட் மகளுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் கேட்டு வாங்குங்கள், தொப்பி போட்டால் படம் நன்றாக வரும் என்று விட்டுவிடாதீர்கள். முழுக்கால்சட்டை, சின்னக் குதிகால் உள்ள மூடிய காலணி.

மகளிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: குதிரை வழியில் புல் தின்னப் பார்க்கும். பாவம் என்று ஒரு தடவை விட்டால் முடிந்தது, சவாரி முழுக்க ஒவ்வொரு புதரிலும் நிற்கும். தலை கீழே போவதற்கு முன்பே லகானைக் கொஞ்சம் தூக்கி, குதிகாலால் மெல்லத் தட்டி நடக்கவிட வேண்டும். அப்புறம், கோடையில் பூங்காவுக்குள் நுழையவே நேரம் குறித்த முன்பதிவு வைத்திருக்கிறார்கள். லாயம் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா, சவாரிச் சீட்டு மட்டும் போதுமா என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.