40 ரூபாயில் 47 கிராம் புரதம்: குறைந்த காசில் உடம்பு ஏற்றிய அனுபவங்கள்

திருப்பூர், பனியன் கம்பெனி செக்கிங் பிரிவு

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள். கையில் காசில்லாமல் உடம்பு ஏற்றியவர்களுக்கு எங்கோ ஓர் இடத்தில் யாராவது ஒருவர் கைகொடுத்திருப்பார். அந்த ஆளைப் பற்றியும் மறக்காமல் எழுதுங்கள்.

திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தபோது எனக்கு 20 வயது, எடை 52 கிலோ. ஓர் அறையில் நாலு பேர். வாடகை, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போகச் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 150 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. முதலில் சேர்ந்த ஜிம்மில் இரண்டாம் நாளே புரதப் பவுடர் டப்பாவை எடுத்து முன்னால் வைத்தார்கள். விலை 3,000 ரூபாய்க்கு மேல். "இது இல்லாம வெயிட் தூக்கினா இருக்கிற சதையும் கரைஞ்சிடும்" என்றார்கள். பயந்துபோய், கூட வேலை பார்க்கும் அண்ணனிடம் கடன் வாங்கி அதை வாங்கினேன். கடனை நினைத்து மதியச் சாப்பாட்டைக்கூட அரைவயிற்றோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு மாதத்தில் டப்பா காலி. எடை அதே 52. கடன் அடைய மூன்று மாதம் ஆனது.

அதற்குப் பிறகுதான் தகரக் கூரை போட்ட பழைய தேகப்பயிற்சிக் கூடம் ஒன்றுக்குப் போனேன். மாதம் 200 ரூபாய். மாஸ்டருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். முதல் நாள் என்னை டம்பெல்லைத் தொடவே விடவில்லை. "மூணு நாளைக்கு வாயில போட்டதெல்லாம் ஒரு நோட்டுல எழுதிட்டு வா கண்ணு. டீயோ வடையோ, ஒண்ணையும் விட்டுடாத" என்று அனுப்பிவிட்டார்.

எழுதிக்கொண்டு போனேன். காலையில் டீயும் பன்னும். பதினொரு மணிக்கு டீ, ஒரு வடை. மதியம் எலுமிச்சைச் சாதப் பொட்டலம். சாயந்திரம் மறுபடி டீ. ராத்திரி மூன்று புரோட்டாவும் சால்னாவும். மூன்று நாளும் ஏறக்குறைய இதேதான். அவர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் எண் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் 35 என்று எழுதி வட்டம் போட்டார். ஒரு நாளில் எனக்குக் கிடைத்த புரதம் அவ்வளவுதான், 35 கிராம். உடற்பயிற்சி எதுவும் செய்யாத ஆளுக்கே கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு. 52 கிலோவுக்கு 43 கிராம். எனக்கு அதுவே எட்டவில்லை. எடை தூக்கிச் சதை ஏற்றுகிறவனுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வைத்துக்கொண்டால் 83 கிராம் வருகிறது. "நீ வெயிட்ட கொறை சொல்லி என்ன பண்றது? வீடு கட்ட ஆளு இருக்கான், செங்கல்லைக் காணோம்" என்றார்.

அந்த 48 கிராம் பள்ளத்தை எப்படி நிரப்பினோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும். நான்கு முட்டை, ஒன்றுக்கு 6 கிராம் வீதம் 24. வேர்க்கடலை 50 கிராம், அதில் 12 அல்லது 13. பொட்டுக்கடலை 50 கிராம், அதில் 10. எல்லாம் சேர்த்து 47. எங்கள் தெருக் கடை விலையில் முட்டை 26 ரூபாய், வேர்க்கடலை 8, பொட்டுக்கடலை 6. மொத்தம் 40 ரூபாய். பதினொரு மணி வடையையும் சாயந்திர டீயையும் விட்டதில் அதில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. வடையின் இடத்தில் வேர்க்கடலை, சாயந்திர டீயின் இடத்தில் பொட்டுக்கடலை, காலையில் இரண்டு முட்டை, ராத்திரி இரண்டு முட்டை. எல்லாவற்றையும் ஒரே வேளையில் போடாதே, நாள் முழுக்கப் பரப்பிச் சாப்பிடு என்பதில் மாஸ்டர் கண்டிப்பாக இருந்தார்.

பச்சை முட்டையை உடைத்து அப்படியே குடித்தால்தான் பலம் என்று ஊரில் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அதையும் அவர்தான் நிறுத்தினார். பச்சை முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேர்கிறது, வெந்த முட்டையில் பத்தில் ஒன்பது பங்கு சேர்கிறது. ஆறரை ரூபாய் கொடுத்து வாங்கியதில் பாதியை ஏன் வீணாக்க வேண்டும்? முட்டை மண்டியில் கீறல் விட்ட முட்டையைக் குறைந்த விலைக்குத் தருவார்கள். ஓடு மட்டும் கீறியிருந்து, வெள்ளைக்கரு கசியாமல் இருந்தால்தான் வாங்குவேன். அன்றைக்கே நன்றாக வேகவைத்துவிடுவேன், மறுநாளைக்கு வைப்பதில்லை.

புரோட்டாவை அவர் விடச் சொல்லவில்லை. "உனக்கு மாவும் வேணும் கண்ணு, அரிசியும் வேணும். சோறு பத்தலைன்னா உடம்பு புரதத்தையே எரிச்சுப்புடும்" என்றார். பவுடர் வாங்கிய மாதத்தில் என் எடை ஏறாததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. 11 மாதத்தில் 59 கிலோ வந்தேன்.

மதுரை, கல்லூரி விடுதி

நான் பளு தூக்கும் பெண். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. எங்கள் விடுதி மெஸ்ஸில் சமைக்கும் அக்காதான் எனக்கு வழி காட்டியவர். அண்டாவின் மேலாக அள்ளினால் சாம்பார் தண்ணீராகத்தான் வரும், பருப்பெல்லாம் அடியில் தங்கியிருக்கும். நான் பயிற்சி முடித்துத் தாமதமாக வருவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள், "பாப்பா, தட்ட நீட்டு" என்று கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி ஊற்றினார். அன்றிலிருந்து தினமும் எனக்கு அடிச் சாம்பார்தான். அதில் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை.

சோறும் பருப்பும் சேர்ந்தால்தான் முழுமை என்பதை எங்கள் பயிற்சியாளர் விளக்கினார். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சின்னச் சின்னத் துண்டுகளால் ஆனது. அதில் லைசின் என்ற துண்டு அரிசியில் குறைவு, பருப்பில் நிறைய. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற துண்டு அரிசியில் இருக்கிறது. இட்லியிலும் பொங்கலிலும் நம் பாட்டிகள் செய்துவைத்த சேர்க்கை இதுதான் என்று தெரிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

என் பெரிய துணை மீல் மேக்கர், அதாவது சோயா உருண்டை. காய்ந்த நிலையில் 100 கிராமில் 52 கிராம் புரதம். கிராமுக்குக் கணக்குப் போட்டால் இதைவிட மலிவாக எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் ஆசைப்பட்டு முதல் நாளே 100 கிராம் போட்டுச் சாப்பிட்டு, வயிறு உப்பிப் பயிற்சிக்கே போக முடியவில்லை. அக்காதான் பக்குவம் சொன்னார். உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து, பிழிந்து, மறுபடி குளிர்ந்த நீரில் அலசிப் பிழிய வேண்டும். சோயா வாடை முக்கால்வாசி போய்விடும். பிறகு மிளகு, சீரகம், சின்ன வெங்காயத்தோடு வதக்கினால் சோற்றுக்கு அருமையாக இருக்கும். 20 கிராமில் தொடங்கி இப்போது 50 கிராம் சாப்பிடுகிறேன், எந்தத் தொந்தரவும் இல்லை. கூடவே ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல், ஈரத்துணியில் முளைகட்டிய பாசிப்பயறு.

சோயா சாப்பிட்டால் பெண் தன்மை வந்துவிடும் என்று எங்கள் அணிப் பையன்கள் பயந்து ஒதுங்குகிறார்கள். சாதாரணமாக உணவில் சேர்க்கும் அளவில் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவதில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து பயப்படாமல் சாப்பிடுங்கள்.

காசிமேடு, ஆட்டோ ஓட்டுநர்

எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு மீன்காரம்மா. எனக்கு வயது 38, இரண்டு பிள்ளைகள். முதுகு வலிக்காகத்தான் உடற்பயிற்சிக்கே போனேன். வலி குறைந்ததும் உடம்பை ஏற்ற வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. வஞ்சிரம் வாங்கினால்தான் சத்து என்று நினைத்து மாதத்தில் ஒரு நாள் வாங்கி, மற்ற நாளெல்லாம் ரசத்தோடு முடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அந்த அம்மா வஞ்சிரத்தை எடைபோடாமலே என்னைப் பார்த்து, "இன்னா நைனா, பேரத் துன்னப் போறியா, மீனத் துன்னப் போறியா? இந்தக் காசுக்கு மத்தி வாங்கினா நாலு நாளைக்கு வரும்" என்றார். அவருக்கு வஞ்சிரம் விற்றால்தான் லாபம். அதை விட்டுவிட்டுச் சொன்னார் என்பதால் இன்றுவரை அவரிடம்தான் வாங்குகிறேன்.

மத்தியில் 100 கிராம் சதைக்கு 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, வஞ்சிரத்துக்கு அது இளைத்ததில்லை. நெத்திலியை முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து வருகிறது. விலை குறைவாக வேண்டுமானால் விடியற்காலையில் போகக் கூடாது. ஓட்டல்காரர்களும் வியாபாரிகளும் எடுத்துக்கொண்டு போன பிறகு, பத்து மணிக்கு மேல் போனால் கூறு கட்டி வைத்ததை விலை குறைத்துத் தருவார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விலை ஏறிவிடும். அந்த இரண்டு மாதத்துக்கு அந்த அம்மா முன்கூட்டியே நெத்திலிக் கருவாடு எடுத்துவைத்துத் தருவார். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசி உப்பைக் கழிப்பது முக்கியம். எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் உண்டு என்பதால் இதில் கவனமாக இருக்கிறேன். தடைக்காலத்தில் இன்னொரு வழி கோழி ஈரல். இறைச்சியைவிட விலை குறைவு, இரும்புச் சத்தும் அதிகம். ஆனால் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் வாரம் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வீட்டில் எனக்கென்று தனிச் சமையல் கிடையாது. பிள்ளைகளும் அதே மத்திக் குழம்பைத்தான் சாப்பிடுகிறார்கள். பெரியவன் இந்த வருடம் பள்ளிக் கபடி அணியில் சேர்ந்திருக்கிறான்.

சேலம்

ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் மாமாவுக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்திருந்தது. அது தெரியாமல் தினமும் எட்டு முட்டை, பவுடர் என்று ஏற்றிக்கொண்டிருந்தார். மருத்துவர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு உடனே நிறுத்தச் சொன்னார். நல்ல உடம்புக்காரர்களுக்கு இங்கே மற்றவர்கள் சொன்ன அளவு புரதம் கெடுதல் இல்லை. ஆனால் சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். சேலத்திலிருந்து கொள்ளுக்காகவும் ஒரு வார்த்தை: 100 கிராமில் 22 கிராம் புரதம், ஊறவைத்த பிறகே வேகவையுங்கள்.

திருப்பூர், மறுபடியும் நான்

எல்லோருக்கும் நன்றி. அடிச் சாம்பார் ஊற்றிய அந்த அக்காவுக்கு ஒரு கும்பிடு. இங்கே இன்னொரு சந்திப்பையும் சொல்லத் தோன்றுகிறது.

போன வருடம் எங்கள் அறைக்குப் பீகாரிலிருந்து ஒரு பையன் வந்தான். நூல் மூட்டை இறக்கும் வேலை. ஒல்லியான ஆள்தான், ஆனால் நான் இரண்டு கையால் நகர்த்தும் மூட்டையைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு மாடி ஏறுவான். காலையில் அவன் சமைத்து நான் பார்த்ததே இல்லை. ஒரு துணிப்பையிலிருந்து மாவை அள்ளிச் சொம்பில் போட்டு, தண்ணீர் ஊற்றி, உப்பு, எலுமிச்சை, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்துக் கலக்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். அது என்ன என்று கேட்டேன். "சத்து" என்றான்.

எனக்கு ஆச்சரியம். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் தமிழ் கற்றுக்கொண்டானா? "ஆமாம், சத்துதான், ஆனா என்ன மாவு?" என்று திரும்பக் கேட்டேன். அவனும் திரும்பத் திரும்பச் "சத்து, சத்து" என்றான். பாதி இந்தியும் பாதி கையசைவுமாகக் கால் மணி நேரம் பேசிய பிறகுதான் விளங்கியது. வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த மாவுக்கு அவர்கள் ஊரில் பெயரே அதுதான். வயலுக்குப் போகிறவர்களும் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடிப்பது. நம் பொட்டுக்கடலையும் அதே கடலைதான், தோலை நீக்கியிருப்போம், அவ்வளவு வித்தியாசம். இத்தனை நாளாக நான் மென்று மென்று தாடை வலித்த பொருளை அவன் ஒரே மூச்சில் குடித்துக்கொண்டிருந்தான்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து கடைவீதிக்குப் போகிறோம். தோலோடு வறுத்த கடலை மூன்று கிலோ வாங்கி, மாவு மில்லில் கொடுத்து அரைத்துப் பாதிப் பாதி பிரித்துக்கொள்கிறோம். அவன் தண்ணீரில் கலக்குகிறான், நான் மோரில் கலக்குகிறேன். போன வாரம் மாஸ்டருக்கு ஒரு தூக்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்து, ருசி பார்த்து, முழுவதையும் குடித்து முடித்தார். "எத்தனை கிராம் போட்ட?" என்றார். ஐம்பது என்றேன். என் பழைய நோட்டை வாங்கி, பொட்டுக்கடலை என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே பென்சிலால் "சத்து, 10" என்று எழுதிக் கொடுத்தார்.