வேலூரில் இருந்துகொண்டே வாட்டர்கலர் ஓவியராகப் பிழைக்க முடியுமா?

குடியாத்தம்_தூரிகை:

வணக்கம். ஊர் குடியாத்தம் பக்கம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் வேலை. டிராயிங் லோயர், ஹையர் அரசுத் தேர்வு இரண்டும் முடித்திருக்கிறேன், கல்லூரியில் ஓவியம் படித்ததில்லை. ஞாயிறு வந்தால் வேலூர் கோட்டைக்கோ ஏலகிரிக்கோ போய் வாட்டர்கலர் போடுவேன். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக எடுக்கலாமா? அதற்குச் சென்னைக்குக் குடிபோய்த்தான் ஆகணுமா? வீட்டில் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் பயமாகவும் இருக்கிறது. இதிலேயே பிழைக்கிறவர்கள் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி_அக்கா:

தம்பி, எனக்குச் சோறு போடுவது வாட்டர்கலர்தான், அதனால் நேராகவே சொல்கிறேன். வேலையை இப்போது விடாதீர்கள். ஊரை எப்போதும் விட வேண்டியதில்லை.

சென்னையில் எழும்பூர் கவின் கலைக் கல்லூரி, கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமி, 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் எல்லாம் இருக்கின்றன. அவ்வப்போது போய்ப் படம் பாருங்கள். நல்ல ஒரிஜினலைக் கிட்ட நின்று பார்க்காமல் கை வளராது. காட்பாடியில் காலை ரயில் ஏறினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். குடியிருப்பு மட்டும் இங்கேயே இருக்கட்டும். வாடகை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், உங்கள் படத்தை வாங்கப் போகிறவர் இந்த ஊர்மேல் பாசம் வைத்தவர். சிஎம்சியில் படித்துவிட்டு எங்கெங்கோ டாக்டராக இருப்பவர்கள், விஐடியில் நாலு வருஷம் இருந்துவிட்டுப் போனவர்கள், ஆரணியிலும் வாலாஜாவிலும் பூர்வீக வீட்டை விற்றுவிட்டு வெளியூரில் தங்கிவிட்டவர்கள். அவர்கள் கேட்பது பாகாயத்து மரநிழலை, கோட்டை அகழியை, தாத்தா வீட்டுத் திண்ணையை. அங்கேயே உட்கார்ந்து வரைந்தவரிடம் வாங்கத்தான் அவர்களுக்கு ஆசை.

வருமானத்தில் முதலில் நிற்பது வகுப்பு. சாயங்காலம் பிள்ளைகள், சனி ஞாயிறு பெரியவர்கள். வாடகையும் மளிகையும் அதில் ஓடிவிடும். அடுத்தது ஆர்டர். நாமாக வரைந்து விற்பது கடைசிதான், ஒரு மாசம் போகும், இன்னொரு மாசம் ஒன்றுகூட நகராது. வகுப்பெடுப்பதைச் சிலர் தாழ்வாகப் பேசுவார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பத்து வயசுப் பிள்ளைக்கு ஈரத்தாளில் வண்ணம் எப்போது பரவும், எப்போது நிற்கும் என்று விளங்க வைக்கும்போது நமக்கே அது இன்னொரு தரம் விளங்குகிறது. எனக்கு அந்த நேரம் மிகவும் பிடிக்கும். இப்படி எல்லாம் சேர்ந்து உங்கள் சம்பளத்தில் பாதி ஒரு வருஷம் விடாமல் வந்தால், அப்புறம் வீட்டில் பேச்சை எடுங்கள். அதற்குள் தங்கை கல்யாணமும் நல்லபடியாக முடியட்டும்.

காசை முதலில் காகிதத்தில் போடுங்கள், பிரஷ் அப்புறம். நூறு சதவீதம் பருத்தி, 300 ஜிஎஸ்எம் கனம், கோல்ட் பிரஸ்டு, அதாவது லேசாகச் சொரசொரப்பான தாள். 22க்கு 30 அங்குல முழுத்தாளை நாலாக்கினால் 11க்கு 15 கிடைக்கும், வீட்டுச் சுவருக்கு நல்ல அளவு. மரக்கூழ்த் தாளில் இரண்டாவது வாஷ் (தண்ணீராகக் கரைத்த வண்ணத்தைப் பரப்புவது) போட்டாலே அடியில் உள்ள வண்ணம் கிளம்பிச் சேறாகிவிடும். மழைக்காலத்தில் தாளைப் பிளாஸ்டிக் உறையில் சிலிகா ஜெல்லோடு மூடி வையுங்கள். ஈரக்காற்றில் தாளின் மேல்பசை கெட்டால் வண்ணம் திட்டுத்திட்டாக இறங்கும்.

நம் ஊர் வெயிலுக்குத் தனியாகப் பழக வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வாஷ் பாதித்தாள் போவதற்குள் காய்ந்து கோடு விழுந்துவிடும். விடிந்ததும் உட்கார்ந்து எட்டு மணிக்குள் எழுந்துவிடுங்கள். தாளின் பின்பக்கத்தையும் நனைத்து அக்ரிலிக் பலகையில் படியவிட்டால் ஈரம் கூடுதல் நேரம் நிற்கும். கோட்டைக் கருங்கல்லுக்கு அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் போதும், வெயில் படும் பக்கம் சியன்னா கூட, நிழலில் நீலம் கூட. சுவரின் அடிவிளிம்பு ஈரமாக இருக்கும்போதே பெரிய பிரஷ்ஷில் அகழித் தண்ணீரைக் கீழே இழுங்கள். கல்லின் சாம்பல் தானாக வழிந்து பிம்பமாகும். அந்தப் பாசிப்பச்சையை டியூபிலிருந்து எடுக்காதீர்கள், யெல்லோ ஆக்கரில் அதே அல்ட்ராமரீனைச் சேர்த்தால் வரும்.

விற்கிற படத்துக்கு டியூபின் பின்னால் உள்ள நிறமி எண்ணைப் பாருங்கள். பிஆர்83 என்று இருக்கும் அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் வெளுக்கும். சிவப்பு சாயலுக்குப் பிவி19 என்ற எண் உள்ளதை வாங்குங்கள். சந்தேகமான வண்ணத்தைத் துண்டுத் தாளில் தீற்றி, பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, வெயில் விழும் ஜன்னலில் சில மாசம் ஒட்டி வைத்தால் தெரிந்துவிடும்.

பிரேம்கடை_லாங்குபஜார்:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்டர்கலரைக் கண்ணாடியில் ஒட்டி பிரேம் போட விடாதீர்கள். நடுவில் மவுண்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் கெட்டி அட்டை இருக்க வேண்டும், அதுவும் ஆசிட் இல்லாதது. இல்லையென்றால் கண்ணாடியில் வேர்க்கும் ஈரம் படத்தில் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். பின்னால் வெறும் ஹார்ட்போர்டு வைத்தால் தாள் மஞ்சளாகும். நேர் வெயில் விழும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று வாங்குபவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வெளியூருக்கு அனுப்புவதென்றால் பிரேம் இல்லாமல், இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வைத்து அனுப்புங்கள், கண்ணாடி வழியிலேயே உடைந்து படத்தைக் கிழிக்கும்.

குடியாத்தம்_தூரிகை:

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. இன்னொன்று கேட்கணும். தெரிந்த டாக்டர் ஒருவர் ஆரணியில் இடித்துவிட்ட அவர் தாத்தா வீட்டை வரைந்து தரச் சொல்கிறார். ஒரே ஒரு பழைய போட்டோதான் இருக்கிறது. பையன் கல்யாணப் பத்திரிகையிலும் அச்சடிப்பாராம். அதே படத்தை நானும் பிரிண்ட் போட்டு விற்கலாமா?

சத்துவாச்சாரி_அக்கா:

நல்ல ஆர்டர் தம்பி, மனசார எடுங்கள். ஆனால் நீங்கள் கேட்ட பிரிண்ட் விஷயத்தை முன்னாடியே பேசிவிடுங்கள். நாமாக வரைந்து விற்கும் படத்தில் பதிப்புரிமை நம்மிடமே நிற்கும். ஒருவர் கேட்டு, காசு கொடுத்து வரையச் சொன்ன படத்தில், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் உரிமை அவருக்குத்தான். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எனக்குத் தெரிந்த ஓவியர் ஒருவர் ஆர்டரில் வரைந்த படம் அவரைக் கேட்காமலே ஒரு நிறுவனத்துக் காலண்டரில் வந்தது. எழுத்தில் ஒன்றும் இல்லாததால் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. "பத்திரிகையில் நீங்கள் அச்சடிக்கலாம், பிரிண்ட் போடும் உரிமை என்னிடம் இருக்கும்" என்று இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அது அவர் குடும்பத்து வீடு, விற்க வேண்டாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்வதுதான் மரியாதை. பாதிப் பணம் முன்னாலேயே வாங்குங்கள்.

போட்டோ ஒன்றுதான் என்றால் டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். வாசல் எந்தத் திசை, வேப்பமரமா முருங்கையா, திண்ணையில் தாத்தா எந்தப் பக்கம் உட்காருவார், கதவுக்கு என்ன நிறம். கறுப்பு வெள்ளைப் போட்டோவில் இதெல்லாம் கிடைக்காது. வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று முடிவு செய்த பிறகு பென்சில் எடுங்கள். ஸ்கெட்ச் முடிந்ததும் இங்கே போடுங்கள், திண்ணைத் தூணின் நிழல் சரியாக விழுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.