மூக்குலர்வு, நீர்ப்பசை: வீட்டு ஆக்சிஜன் கையேட்டுக்கு இரண்டு சொற்கள்

கடலூர் முதுநகரிலிருந்து:

மதிப்பிற்குரிய சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருக்கும் நோயாளிகளுக்காக நான் எழுதிவரும் கையேட்டில் இரண்டு சொற்கள் இன்னும் அமையவில்லை. ஒன்று, ஆக்சிஜன் ஓட்டத்தால் மூக்கின் உள்தோல் உலர்ந்து, பொருக்குத் தட்டி, காந்தலெடுக்கும் நிலைக்கு உரிய பெயர். மற்றொன்று, அதற்குத் தடவும் மருந்துக்கு உரிய பெயர். சென்ற வாரம் வந்த பரிந்துரைகளுக்கு நன்றி. அவற்றுள் எவை எனக்கு ஒவ்வவில்லை என்பதைக் காரணத்தோடு எழுதுகிறேன்.

'நாசி வறட்சி' என்பதையே பலரும் முன்மொழிந்திருந்தீர்கள். இலக்கணப்படி அதில் குற்றமில்லை. ஆனால் வறட்சி என்றால் எங்கள் மாவட்டத்தில் மழை பொய்த்த ஆண்டும் வீராணம் ஏரி வற்றிய கோடையுமே நினைவுக்கு வரும். நீர் வரத்தே இல்லாத நிலையைச் சுட்டும் சொல் அது. மூக்கிலோ நீர் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. ஊறுவதை ஓயாமல் வீசும் காற்று வாங்கிக்கொண்டு போகிறது. கொடியில் போட்ட துணிக்கும் துறைமுகத்துக் கருவாட்டுக்கும் நேர்வதுதான் மூக்குக்கும் நேர்கிறது. ஆகவே உலர்தல் என்னும் வினையிலிருந்து 'மூக்குலர்வு' என்று ஆக்கலாம் என்பது என் கருத்து. மூக்கு என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டு உலர்வு என்பதோடு இயல்பாகப் புணர்கிறது. சொல்லும்போதும் நாக்கு இடறுவதில்லை.

கடலோரத்து ஈரக்காற்றில் மூக்கு எப்படி உலரும் என்று அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது, விடை கருவிக்குள் இருக்கிறது. காற்றிலிருந்து ஆக்சிஜனைச் செறிவாக்கித் தரும் கான்சன்ட்ரேட்டர் அறைக்காற்றை இழுத்து, சியோலைட் என்னும் நுண்துளைக் கனிம மணிகள் நிரம்பிய உருளைகளுக்குள் அழுத்தத்தோடு செலுத்துகிறது. அந்த மணிகள் நைட்ரஜனைப் பிடித்துவைப்பதோடு நீராவியையும் பிடித்துக்கொள்கின்றன. எனவே அறையில் எவ்வளவு புழுக்கம் இருந்தாலும் குழாயில் வருவது உலர்காற்றே. சிலிண்டரில் வருவதும் அப்படித்தான். நுரையீரலைச் சேரும் காற்றோ 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 44 மில்லிகிராம் நீராவி ஏந்தியிருக்க வேண்டும். அந்தக் குறையில் பெரும்பங்கை மூக்கின் உள்தோல் தன் நீரைக் கொடுத்து நிரப்புகிறது.

இரண்டாவது சொல்லில்தான் எனக்குக் கவலை. என் தந்தையார் நிமிடத்துக்கு 2 லிட்டர் அளவில் ஆக்சிஜன் எடுத்துக்கொண்டு வருகிறார். கடந்த தை மாதத்தில் ஒரு நாள் காலையில் மூக்குக்குழலைக் கழற்றித் துடைத்தபோது, அதன் இரு முனைகளிலும் நொய்யரிசி அளவில் இரத்தம் தோய்ந்த பொருக்கு ஒட்டியிருந்தது. கருவியோடு எங்களுக்குக் கொடுத்திருந்த அச்சுத்தாளில் 'மூக்கினுள் பசைத்தன்மையுள்ள களிம்பைத் தடவவும்' என்று இருந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு, உதட்டு வெடிப்புக்கு வைத்திருந்த பெட்ரோலியம் ஜெல்லியை விரலில் எடுத்துவிட்டார்; அது இல்லாதிருந்தால் தேங்காயெண்ணெயை எடுத்திருப்பார். நம் வீடுகளில் களிம்பு என்றாலே எண்ணெய்ப் பொருள்தான். ஆக்சிஜன் செறிந்த இடத்தில் இவை எளிதில் தீப்பற்றக்கூடியவை. மூக்கு வழியாக உள்ளிறங்கும் எண்ணெய் நாளடைவில் நுரையீரலில் தங்கி அழற்சியை உண்டாக்கவும் கூடும். அங்கே தடவ வேண்டியது நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல். அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். தாளில் இருந்த சொல்தான் அவர் விரலை அந்த டப்பாவுக்குக் கொண்டுபோயிற்று.

ஜெல் என்றே விட்டுவிடலாமே என்போருக்கும் இதுவே என் விடை. ஜெல்லுக்கும் ஜெல்லிக்கும் இடையே ஓர் இகரந்தான் இருக்கிறது. 'கூழ்மம்' என்பதைப் பாடநூல் வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. 'ஈரமூட்டி' என்றால் கருவியில் மாட்டும் நீர்க்குப்பியோடு குழம்பும். 'நீர்க்களிம்பு' என்று வைத்துக்கொள்ளலாமா?

புதுச்சேரியிலிருந்து:

அன்புடையீர், வணக்கம்.

மூக்குலர்வு நன்றாக அமைந்துள்ளது. அதில் எனக்கு மறுப்பில்லை. நீர்க்களிம்பில் உண்டு. செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் சொல்கிறேன்: பேச்சில் முன்னே நிற்கும் அடை முதலில் உதிரும். பத்து நாளில் நீர் உதிர்ந்து களிம்பு மட்டும் மிஞ்சும். நீங்கள் அஞ்சிய இடத்துக்கே திரும்பி வந்துவிடுவோம்.

'நீர்ப்பசை' என்பதை எண்ணிப் பாருங்கள். எண்ணெய்ப்பசை, ஈரப்பசை என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். எண்ணெய்ப்பசைக்கு நேரெதிரே நிற்கும் சொல்லாக இது தானே விளங்கும். இதிலும் அடை உதிரலாம். ஆனால் மருந்துக் கடையில் போய்ப் பசை கொடுங்கள் என்றால், கோந்தா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வி நமக்கு நல்லதே.

உங்கள் வரைவில் வேறோர் இடத்தையும் திருத்த வேண்டும். நீர்க்குப்பியில் 'காய்ச்சி வடித்த நீர்' ஊற்றுமாறு எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்துச் சொல்லாக அது சரியே. ஆயினும் நாள்தோறும் சோறு வடிக்கும் கைகளுக்கு வடித்தல் என்பது வேறு செயல். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, மல்துணியில் வடிகட்டி ஊற்றுவதாக ஓர் அம்மையார் என்னிடம் பெருமையோடு சொல்லி, அந்தத் துணியையும் காட்டினார். தூசு போயிருக்கும்; உப்பு போயிருக்காது. குப்பியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. நீரை ஆவியாக்கிக் குளிர்வித்து எடுக்கும் வடிகலத்துக்கு வாலை என்னும் பழஞ்சொல் இருப்பதால் 'வாலைநீர்' எனலாம். பொருள் மயக்கமே வராது.

பொதுவாக நிமிடத்துக்கு 4 லிட்டருக்கு மேற்பட்ட ஓட்டத்துக்குத்தான் அந்தக் குப்பி தேவைப்படும் என்பதையும், குறைந்த ஓட்டத்திலும் மூக்குலர்வு மிகுந்தால் மருத்துவரைக் கேட்டு மாட்டிக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து:

அம்மா, நீர்ப்பசையை மறுப்பின்றி ஏற்கிறேன். வாலைநீர் எனக்கும் பிடித்திருக்கிறது. எனினும் அந்தச் சொல்லை எழுதிக்கொண்டு கடைக்குப் போகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். ஆகவே அதைச் சொற்பட்டியலில் சேர்த்துவிட்டு, கையேட்டில் கடைவழக்கையே வைத்துக்கொள்கிறேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். திருத்திய பகுதி வருமாறு:

'ஆக்சிஜன் எடுப்பவர்களுக்கு மூக்குலர்வு வருவது இயல்பு. மூக்கின் உள்விளிம்பில் நீர்ப்பசையை மெல்லிதாகத் தடவலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தும் விடலாம். எண்ணெய், நெய், தைலம், பெட்ரோலியம் ஜெல்லி எதையும் தடவக் கூடாது. பொருக்கைப் பிய்க்காமல் ஈரத்தில் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். குழாய் உராய்ந்து காதின் பின்புறம் கன்றிப்போனால், அவ்விடத்தில் பஞ்சுத்துணியைச் சுற்றிக்கொள்ளலாம். நீர்க்குப்பி மாட்டியிருந்தால் அதில் டிஸ்டில்டு வாட்டரை மட்டும் குப்பியில் குறித்துள்ள இரு கோடுகளுக்கும் இடையே நிற்குமாறு ஊற்றி, நாள்தோறும் மாற்ற வேண்டும். காந்தலுக்கு அஞ்சி ஓட்டத்தின் அளவைத் தாமாகக் குறைக்கக் கூடாது. இரத்தம் நிற்காமல் வந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.'

மூக்குக்குழலின் இரு முனைகளுக்கு மட்டும் இன்னும் பெயர் அமையவில்லை. என் அம்மா அவற்றைக் கொம்பு என்கிறார்.