புதுப்பிப்பு: மேன் பக்கத்தில் வந்த க்ரோஃப் எச்சரிக்கைகள் தீர்ந்தன

கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக் கூழ் ஆலைக்காக எழுதிய எடைக்கணக்கு நிரலின் ஆங்கிலக் கையேட்டுப் பக்கத்தை (மேன் பக்கம்) திரைக்கு வடிவமைக்கும்போது, அந்த வேலையைச் செய்யும் க்ரோஃப் நிரல் 'மேக்ரோ வரையறுக்கப்படவில்லை', 'வரியை உடைக்க முடியவில்லை' என்று எச்சரிக்கிறது, என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலித்தது ஓசூர் நண்பரின் யோசனை. வரியின் முதல் குறி புள்ளியாகவோ ஒற்றை மேற்கோளாகவோ இருந்தால், க்ரோஃப் அந்த வரியைக் கட்டளை (மேக்ரோ) என்றே எடுத்துக்கொள்ளும். எடிட்டர் பத்தியை மடித்தபோது, மேற்கோளுக்குள் இருந்த 'தோத்தாபுரி' வரியின் தொடக்கத்துக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால், திரையில் தெரியாத \& என்ற குறியைச் சேர்த்ததும் முதல் எச்சரிக்கை போயிற்று. வரியின் நடுவே வரும் மேற்கோளைத் தொட வேண்டியதில்லை.

எதிர்பாராத விஷயம், அந்த வரி முழுவதுமே திரையில் இல்லாமல் போயிருந்தது! தோத்தாபுரிக்கும் அல்போன்சாவுக்கும் கழிவு எடையைத் தனித்தனியே கொடுக்க வேண்டும் என்று சொல்லும் வரி அது. சீசன் நேரத்தில் அது தெரியாவிட்டால் எடை மேடையில் சண்டைதான். எச்சரிக்கைகளை அணைத்துவிடச் சொன்னவர்கள் மன்னிக்க வேண்டும். அணைத்திருந்தால் இது கண்ணில் பட்டே இருக்காது.

இரண்டாவது எச்சரிக்கைக்குக் காரணம் நீளமான கோப்புப் பாதை. வரி முடிவில் இணைகோடு இட்டுச் சொல்லை உடைக்கும் சொற்பிரிப்பை நிறுத்திப் பார்த்தேன், பயனில்லை. ஒவ்வொரு சாய்வுக்கோட்டுக்கும் பின்னால், 'இங்கே உடைக்கலாம்' என்று சொல்லும் \: குறியை இட்டேன், இப்போது இணைகோடு சேராமல் அங்கேயே உடைகிறது.

கையேட்டுப் பக்கத்தைக் காட்டும் மேன் கட்டளையைச் சும்மா ஓட்டினால் இவை எதுவும் தெரியாது. எச்சரிக்கை விருப்பத்தைச் சேர்த்தே ஓட்டுங்கள்.