தோழியின் குழந்தை மருத்துவமனையில், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். நெருங்கிய தோழியின் 3 வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகைதான், பெரும்பாலானோர் குணமாகிவிடுகிறார்கள் என்று மருத்துவர் தைரியம் சொல்லியிருக்கிறார். ஆனால் சிகிச்சை 2, 3 வருடம் நீளுமாம். கீமோதெரபி தொடங்கிவிட்டது.

"என்ன வேணும்னாலும் கேளு" என்றேன். "சரி" என்றாள். கேட்க மாட்டாள், அவள் சுபாவம் அப்படி. நாமாகத்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.

வெள்ளையணுக்கள் குறைந்திருப்பதால் பார்வையாளர்களை விடுவதில்லை. பூங்கொத்து, பஞ்சு பொம்மை எல்லாம் கூடாது. கழுவித் துடைக்க முடிகிற பொம்மை என்றால் பரவாயில்லை. ஒரு கையில் டிரிப்ஸ் ஊசி, கட்டோடு இருக்கிறது. ஸ்டிக்கர் புத்தகத்தில் ஒற்றைக் கையால் உரிக்க வராமல் எரிச்சலாகித் தூக்கிப் போடுகிறான். ஒரு கையால் விளையாட ஏதாவது தெரியுமா?

அப்புறம் அவன் அக்கா. இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். "தம்பிக்கு முடி ஏன் கொட்டுது?" என்கிறாள். 7 வயதுப் பிள்ளையிடம் எவ்வளவு சொல்லலாம்?

இதைக் கடந்து வந்தவர்கள் எழுதுங்கள்: எது உண்மையிலேயே கைகொடுத்தது, எது தொல்லையாக இருந்தது? மாற்று மருந்து, வாட்ஸ்அப் பார்வர்டு மட்டும் தயவுசெய்து வேண்டாம்.