50,000 ரூபாய்க்குள் குடும்பப் படங்களுக்கு எந்த கேமரா? இரட்டை லென்ஸ் செட் வாங்கலாமா?

தாமிரபரணிக்கரை:
வணக்கம். லென்ஸ், மெமரி கார்டு எல்லாம் சேர்த்து 50,000 ரூபாய்க்கு மேல் போக முடியாது. வீட்டில் மூன்று வயதுப் பையன், எட்டு மாதக் குழந்தை. எடுக்கப்போகும் படங்களில் முக்கால்வாசி வீட்டுக்குள், மாலை ஆறு மணிக்கு மேல், டியூப்லைட் வெளிச்சத்தில். மீதி பிறந்தநாள், காதுகுத்து, ஊர்க் கொடை. பகலில் ஃபோனே போதுமானதாக இருக்கிறது. ராத்திரியில் பையன் கொஞ்சம் அசைந்தாலும் முகம் இழுபட்டுப் போகிறது. நைட் மோடில் இன்னும் மோசம்.

கடையில் மூன்று வழி சொல்கிறார்கள். கேனான் 1500டி, 18-55, 55-250 என்று இரண்டு லென்ஸ், பை, கார்டு சேர்ந்த செட். அல்லது கேனான் ஆர்100, கூடவே 18-45 லென்ஸ் மட்டும். அல்லது 60 மடங்கு ஜூம் உள்ள, லென்ஸ் மாற்ற முடியாத கேமரா. எதை எடுக்கலாம்? பழையது வாங்குவது சரிப்படுமா? 12க்கு 36 ஆல்பம் போட எத்தனை மெகாபிக்சல் வேண்டும்?

வெளிச்சம்போதும்:
60 மடங்கு ஜூமை முதலில் தள்ளிவிடுங்கள். அந்த வகையில் பெரும்பாலும் இருப்பது 1/2.3 அங்குல சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு). பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். 1500டி, ஆர்100 இரண்டிலும் உள்ள ஏபிஎஸ்-சி சென்சார் 22.3க்கு 14.9 மி.மீ., அதாவது சுமார் 332. ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு. ராத்திரி வீட்டுக்குள் அந்த ஜூம் கேமரா உங்கள் ஃபோனிடமே தோற்கும்.

நைட் மோடு ஏன் கைவிடுகிறது என்றால், அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. சுவருக்கும் பூந்தொட்டிக்கும் அது பொருந்தும், ஓடுகிற பிள்ளைக்குப் பொருந்தாது. உங்களுக்கு வேண்டியது ஷட்டர் வேகம், அதாவது சென்சாரில் வெளிச்சம் விழும் நேரம் குறுகலாக இருப்பது. உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்கு 1/125 முதல் 1/250 நொடி வரை, ஓடும் பையனுக்கு 1/500.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே டியூப்லைட் எரியும் அறையில் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 3200 வைத்து, 18-55 லென்ஸை 55க்கு இழுத்தால் அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துளை, எஃப் 5.6. எண் குறையக் குறையத் துளை பெரிது. அப்போது ஷட்டர் ஏறக்குறைய 1/60. அதே அறை, அதே ஐஎஸ்ஓ, எஃப் 1.8 லென்ஸ் என்றால் 1/600ஐத் தொடும். கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். எந்த உடலை (லென்ஸ் நீங்கலான கேமராவை) வாங்கினாலும் இந்த வித்தியாசம் கிடைக்காது, லென்ஸில்தான் கிடைக்கும்.

அதனால் இரட்டை லென்ஸ் செட் உங்களுக்கு வீண். 55-250 பகலில் மைதானத்துக்கும் பறவைக்கும் நல்ல லென்ஸ்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அதை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது? அந்தப் பணத்தில் எஃப் 1.8 அல்லது எஃப் 2.8 உள்ள, ஜூம் இல்லாத ஒற்றை லென்ஸும், தலை திரும்பும் ஃபிளாஷும் வாங்குங்கள்.

ஆல்பத்துக்கு: 300 டிபிஐ-யில் 12க்கு 18 அங்குலப் பக்கம் என்றால் 3600 பெருக்கல் 5400, அதாவது 19.4 மெகாபிக்சல். 12க்கு 36 என்பது அப்படி இரண்டு பக்கம் விரித்தது. 1500டி, ஆர்100 இரண்டுமே 24 மெகாபிக்சல், ஒரு படம் ஒரு பக்கத்தை நிரப்பத் தாராளம். இன்னொன்று, இவை 3:2 விகிதம் என்பதால் 4க்கு 6, 12க்கு 18 இரண்டிலும் வெட்டாமல் உட்காரும். ஃபோனின் 4:3 படத்தை 4க்கு 6-இல் அடித்தால் தலையோ காலோ போகும்.

மூன்றாங்கண்:
மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். உடல் எது என்று மட்டும் பார்ப்போம்.

1500டி 2018இல் வந்தது. ஃபோகஸ் புள்ளி ஒன்பது. அதில் நடுப்புள்ளி மட்டும்தான் குறுக்கு வகை, மங்கிய வெளிச்சத்தில் நம்பக்கூடியது. திரை அசையாது, தொடுதிரையும் இல்லை. திரையைப் பார்த்து எடுத்தால் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அதற்குள் பையன் அடுத்த அறைக்குப் போயிருப்பான்.

ஆர்100 மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத வகை. முகத்தையும் கண்ணையும் தானே பிடிக்கும், இது பெரிய வசதி. ஆனால் இதிலும் திரை அசையாது, தொட முடியாது. 18-45 லென்ஸ் எஃப் 4.5-6.3, அதாவது 18-55ஐ விடவும் இருட்டு. ஒற்றை லென்ஸ் சேர்க்கும்போது பட்ஜெட் முட்டும்.

பழையது வாங்கத் தயார் என்றால் என் தேர்வு கேனான் 200டி மார்க் 2. 2019 மாடல். வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துளையில்) இதற்கும் அதே ஒன்பது புள்ளிதான், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். திரையைத் திருப்பி லைவ் வியூவில், அதாவது திரையைப் பார்த்தே எடுங்கள்; வேகமான டூயல் பிக்சல் ஃபோகஸும் கண் கண்டறிதலும் அங்கேதான் வேலை செய்யும். தரையில் தவழும் குழந்தையை அதன் கண் மட்டத்தில் எடுக்க, படுத்துப் புரளாமல் திரையை மேல்நோக்கித் திருப்பினால் போதும். குழந்தைப் படங்களுக்கு இந்த ஒரு வசதி எவ்வளவு பெரியது என்று வாங்கிய முதல் வாரமே தெரியும்.

நிக்கான் டி5600உம் நல்ல கேமரா. 39 புள்ளி, வியூஃபைண்டர் வழியே வேகமாகப் பிடிக்கும். லைவ் வியூவில் மந்தம். இதில் ஒரு பொறி இருக்கிறது. டி3500, டி5600 உடல்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவு என்று 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸை வாங்கினால் ஆட்டோஃபோகஸ் ஆகாது, கையால்தான் திருக வேண்டும். லென்ஸ் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கிறதா பாருங்கள்.

எந்த ஒற்றை லென்ஸ் என்பதை அறையின் நீளம்தான் முடிவு செய்யும். மூன்று வயதுப் பிள்ளை முழு உருவமாக, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்து எடுக்க வேண்டும் என்று வையுங்கள். கேனானில் 50 மி.மீ. என்றால் பதின்மூன்று அடி பின்னால் நிற்க வேண்டும். 24 மி.மீ. என்றால் ஆறரை அடி. நிக்கானில் 35 மி.மீ. என்றால் ஒன்பது அடி. எல்லோரும் 50ஐயே சொல்வார்கள். மலிவு, பின்னணி அழகாகக் கரையும். சின்ன வீட்டில் அது முகம் மட்டும் எடுக்கும் லென்ஸாகிவிடும். கேனான் என்றால் இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம், நிக்கான் என்றால் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜி. முதலில் இவை. 50 பிறகு.

பணத்தைப் பிரிப்பது இப்படி: உடலும் 18-55உம் 33,000க்குள், ஒற்றை லென்ஸும் ஃபிளாஷும் சேர்ந்து 15,000, மீதி கார்டுக்கும் கேமரா வைக்கும் காற்றுப்புகா டப்பாவுக்கும். உடலுக்கு இதைத் தாண்டிக் கேட்டால் அடுத்ததைப் பாருங்கள்.

பழையகண்ணாடி:
பழையது வாங்கப் போகும்போது கையில் ஒரு கார்டு, ஒரு சின்ன டார்ச், ரெண்டு நிமிஷத்துக்குப் பதிலா அரை மணி நேரப் பொறுமை, இது மூணும் இருக்கட்டும்.

லென்ஸைக் கழட்டி, பின்பக்கத்துல டார்ச் அடிச்சு முன்பக்கம் சாய்வாப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி கிளை கிளையா தெரிஞ்சா பூஞ்சை. எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம். ரெண்டு மூணு தூசி கிடந்தா பரவாயில்லை, படத்துல தெரியாது.

அப்புறம் எஃப் 16 வெச்சு, ஃபோகஸைக் கலைச்சு, வெறும் வானத்தை ஒரு படம். பெரிசாக்கிப் பார்த்தா சென்சார் தூசி கரும்புள்ளியா தெரியும். தூசின்னா சுத்தம் பண்ணிக்கலாம். கோடு மாதிரி கீறல் இருந்தா எழுந்து வந்துடுங்க.

18-55ஐ ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மெதுவா திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம். கேனான்ல எர்ர் 01 வந்தா லென்ஸ், உடல் தொடர்புல கோளாறு. தங்க நிறத் தொடுமுனையைத் துணியால துடைச்சும் திரும்ப வந்தா உள்ளே ரிப்பன் கேபிள் போயிருக்கலாம். திருப்பும் திரையை எல்லாக் கோணத்துக்கும் கொண்டுபோங்க. ஒரு கோணத்துல மட்டும் படம் சிமிட்டினாலும் அதே கதைதான், கீல் வழியாப் போற கேபிள்.

ஷட்டர் எண்ணிக்கை, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்குன்னு: நிக்கான்னா கடைசியா எடுத்த ஜேபெக் படத்துக்குள்ள பதிஞ்சிருக்கிற எக்சிஃப் தகவல்லயே இருக்கும். கேனான் ஜேபெக்ல பொதுவா இருக்காது, கம்ப்யூட்டரோட இணைச்சு மென்பொருள் வழியாத்தான் பார்க்கணும். டி3500 ஷட்டரை நிக்கான் ஒரு லட்சம் தடவைக்குச் சோதிச்சிருக்கு. வீட்டுல வெச்சிருந்த கேமரா 15,000-20,000ல இருக்கும். 80,000 ஓடியிருந்தா அது கல்யாண வேலை பார்த்த கேமரா, விலையும் அதுக்கேத்த மாதிரி இறங்கணும்.

பில்லுல இருக்கிற சீரியல் எண்ணும் அடிப்பக்கம் இருக்கிற எண்ணும் ஒண்ணான்னு பாருங்க. பில்லே இல்லைன்னா வாங்காதீங்க. புதுசு வாங்கினாலும் சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்துல விலை ரொம்ப இறங்கிச் சொன்னா, ஜிஎஸ்டி பில்லும் இந்திய வாரண்டி அட்டையும் உண்டான்னு முதல்லயே கேளுங்க. வெளிநாட்டுச் சரக்குக்கு இங்கே வாரண்டியில பழுது பார்ப்பாங்கன்னு நம்பி வாங்க முடியாது.

தாமிரபரணிக்கரை:
மிக்க நன்றி. 200டி மார்க் 2, 24 மி.மீ. என்று முடிவு செய்துவிட்டேன். ஃபிளாஷ் பற்றித்தான் தயக்கம். முகத்தில் வெள்ளை அடித்தது போல் வருமே? வீட்டில் கூரை வெள்ளை, பத்து அடி உயரம். கடையில் ஒரு மேனுவல் ஃபிளாஷ் மலிவாகச் சொல்கிறார்கள், வாங்கலாமா?

வெளிச்சம்போதும்:
அந்த மேனுவல் ஃபிளாஷை இந்த கேமராவுக்கு வாங்காதீர்கள். 200டி மார்க் 2, 1500டி, 3000டி மூன்றிலும் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடு ஊசி கிடையாது, கேனான் எடுத்துவிட்டது. நடு ஊசியை மட்டும் நம்பும் ஃபிளாஷ் இதில் எரியவே எரியாது. கேனானின் 430இஎக்ஸ் 2 பழையதாகக் கிடைத்தால் நல்லது. வேறு கம்பெனி என்றால் கேனானுக்கென்றே வந்த டிடிஎல் மாடலை (ஃபிளாஷ் அளவைக் கேமராவே கணிக்கும் வகை), உங்கள் கேமராவையே கொண்டுபோய் மாட்டி, எரிவதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சிலவற்றுக்கு ஃபர்ம்வேர் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

வெள்ளை அடிப்பது ஃபிளாஷ் நேரே முகத்தைப் பார்ப்பதால். தலையைக் கூரைக்குத் திருப்புங்கள். நேர் மேலே வேண்டாம், கண்குழியில் நிழல் விழும். உங்களுக்குப் பின்பக்கமாகவோ பக்கச் சுவரை நோக்கியோ சாய்த்தால் ஜன்னல் வெளிச்சம் போல மெத்தென்று விழும். ஷட்டர் 1/125, எஃப் 4, ஐஎஸ்ஓ 800இல் தொடங்குங்கள். 1/200க்கு மேல் சாதாரண ஃபிளாஷ் ஒத்துப்போகாது. சுவர் பச்சை, ரோஸ் என்றால் அந்த நிறம் முகத்தில் ஏறும். ஓட்டு வீடு, பந்தல் என்றால் கூரையை நம்ப முடியாது. ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை யாரையாவது பக்கத்தில் பிடிக்கச் சொல்லி அதில் அடியுங்கள். பேட்டரி என்ஐஎம்ஹெச் ரீசார்ஜ் செல் நான்கு. சாதாரண செல்லில் அடுத்த ஃபிளாஷுக்குக் காத்திருந்தே கேக் வெட்டி முடிந்துவிடும்.

ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கும்போது டயலை Tv-க்கு (ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறை) திருப்பி 1/250, ஐஎஸ்ஓ ஆட்டோ, உச்சவரம்பு 6400. வெளிச்சம் குறைந்தால் அப்பர்ச்சரை அதுவே திறந்துகொள்ளும். படத்தில் புள்ளி புள்ளியாக நொய்ஸ் தெரிந்தால் கவலை வேண்டாம், அச்சில் அது அமுங்கிவிடும். இழுபட்ட முகத்தை எதுவும் சரி செய்யாது.

தொடர்ந்து எடுக்கும்போது ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வந்தால் கேமராவில் குறை தேட வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/100 வைத்தால் அடங்கும், அதற்குப் பிள்ளை அசையாமல் இருக்க வேண்டும். ஓடும் நேரம் என்றால் மூன்று நான்காக எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கினால் ஒன்று. ஐந்தடி தூரத்தில் எஃப் 1.8இல் கூர்மையாக வரும் ஆழம் ஆறு சென்டிமீட்டர்தான். அண்ணன் கண் தெளிவாக, மடியில் உள்ள தம்பி மங்கலாக வரும். இருவர் என்றால் எஃப் 4, குடும்பமே நின்றால் எஃப் 5.6.

பழையகண்ணாடி:
ஒண்ணு விட்டுப்போச்சு. கேமராவை அதோட பையிலயே மாசக்கணக்கா வெச்சிடாதீங்க, பையோட பஞ்சு ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், மழைக்காலம் முடியறதுக்குள்ள லென்ஸ்ல பூஞ்சை வந்துடும். சமையலறைக்கு வாங்குற காற்றுப்புகா டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூட ஒரு சின்ன ஈரப்பதமானி. 40லேர்ந்து 50 சதவீதத்துல நிக்கணும். ஆரஞ்சு நிற ஜெல்லா வாங்குங்க. நீல ஜெல்லுல கோபால்ட் குளோரைடு இருக்கு, பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு ஆகாது. எந்த ஜெல்லா இருந்தாலும் சமையல் பாத்திரத்துல போட்டுச் சூடாக்காதீங்க.

கார்டு 64 ஜிபி, வி30 வேகம் போதும், ஜேபெக்ல ஆறாயிரம் படத்துக்குக் குறையாது. போலி கார்டு நிறைய வருது. வாங்கின அன்னிக்கே கம்ப்யூட்டர்ல போட்டு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டிப் பாருங்க, சொன்ன அளவு இல்லைன்னா காட்டிக்கொடுத்துடும். அப்புறம் கேமராவுக்குள்ளயே ஃபார்மட் பண்ணிக்கோங்க. ஊருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பும்போது டாக்குமெண்ட்டா அனுப்புங்க, இல்லைன்னா சுருக்கிடும். அந்தச் சுருங்கின படத்தை ஸ்டூடியோவுல கொடுத்து பிரிண்ட் போட்டா முகமெல்லாம் மெழுகு மாதிரி வரும்.